ஆபரேஷனுக்கு வாயைப் பார்ப்பது ஏன்?

"கட்டி இருக்கது வயித்துல, வாயை எதுக்குப் பாக்காவ?"

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியானாலும் சரி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆஸ்பத்திரியானாலும் சரி, ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் வந்து, "வாயை நல்லாத் திறங்கம்மா" என்றால் நம்மில் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். கூச்சப்பட்டுப் பாதி திறந்து மூடிக்கொள்வோம். அது கூடாது.

முழு மயக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கலாம். பல ஆபரேஷன்களில் டாக்டர் வாய் வழியாக மூச்சுக்குழாயில் ஒரு டியூபைச் செலுத்தி, பிராணவாயு கொடுப்பார். சிலருக்கு இந்த டியூபைப் போடுவது சிரமம். பிராணவாயு சில நிமிடம் தடைப்பட்டாலே மூளை பாதிக்கப்படும். ஆகவே சிரமம் வருமா என்பதை முன்பே கணிக்க வேண்டும்.

இதற்கு உலகமெங்கும் பயன்படும் எளிய பரிசோதனை ஒன்றுக்கு நம் பக்கத்து ஆந்திராக்காரரின் பெயர்தான்: மல்லம்பட்டி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, 1985-ல் 210 பேரைப் பரிசோதித்து இதை வெளியிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்ட வேண்டும். 'ஆ' என்று சத்தம் போடக் கூடாது. உள்நாக்கு நன்றாகத் தெரிந்தால் நல்லது. நாக்கு அதை மறைத்தால் டாக்டர் உஷாராகிவிடுவார்.

வேறு சிலவும் பார்ப்பார். வாய்க்குள் உங்கள் மூன்று விரல் செங்குத்தாக நுழைகிறதா? மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம் உண்டா? கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க முடிகிறதா? கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா?

கர்ப்பிணிகளுக்குத் தொண்டைச் சதை சற்று வீங்கியிருக்கும். சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டே நடக்கிறது. ஆனாலும் திடீரென முழு மயக்கம் தேவைப்படலாம் என்பதால் வாயைப் பார்த்து வைப்பார்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை:

* ஆடும் பல், பல்செட். குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன் என்றால் ஆடுகிற பால்பல்.

* வெற்றிலை பாக்குப் பழக்கம். பாக்கை வருஷக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பது குறையலாம். ஆச்சிக்கு ஆபரேஷன் என்றால் இதை மறைக்காதீர்கள்.

* பலத்த குறட்டை, கழுத்துக் கழலை, முகத்திலோ கழுத்திலோ பழைய தீக்காயம்.

* முன்பு மயக்கம் கொடுத்தபோது டியூப் போடச் சிரமப்பட்டதாகச் சொன்னார்களா என்பது.

வீட்டில் கண்ணாடி முன் பார்த்துவிட்டு, "எனக்கு உள்நாக்கே தெரியலையே!" என்று பதற வேண்டாம். இந்தப் பரிசோதனைகள் ஜோசியமல்ல. எல்லாம் சரியாக இருந்தும் சிரமம் வரலாம், சரியில்லாமல் இருந்தும் சுலபமாக முடியலாம். அதனால்தான் பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அனுபவமுள்ள இன்னொரு டாக்டரைத் துணைக்கு அழைப்பார்கள். கேமரா பொருத்திய கருவியை எடுத்து வைப்பார்கள். தேவையானால் நீங்கள் விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து டியூபைப் போடுவார்கள்.

டியூப் போடச் சிரமமாக இருந்தது என்று டாக்டர் சொன்னால், அதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அவசர ஆபரேஷன் வரும்போது வாய் திறந்து சொல்லும் நிலையில் நாம் இல்லாமல் போகலாம் அல்லவா?