இலவசச் சேவைக்கும் அமையச் செலவு உண்டு

மாணவர்களே, “வருமுன் காத்தல் சிக்கனமானது” என எழுதினால் மட்டும் புள்ளி கிடைக்காது. அதனை எண்களால் காட்டவும் வேண்டும். அதற்கு ஆபிரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்குவோம்.

ஆண்குறியின் முன்தோலை அகற்றும் சிறு சத்திரசிகிச்சையே விருத்தசேதனம் அல்லது சுன்னத்து எனப்படும். பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை இது ஏறத்தாழ 60% குறைக்கிறது எனத் தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. எனவே 2007 இல் உலக சுகாதார ஸ்தாபனம், எச்.ஐ.வி. பெருமளவில் பரவியுள்ள நாடுகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது.

செலவும் நன்மையும்

கிழக்கு, தெற்கு ஆபிரிக்கா தொடர்பாக 2011 இல் வெளியான மதிப்பீடு (2025 வரை):

• மொத்தச் செலவு: 2 பில்லியன் டொலர்
• தவிர்க்கப்படும் புதிய தொற்றுகள்: 3.36 மில்லியன்
• தேறிய சேமிப்பு: ஏறத்தாழ 16.5 பில்லியன் டொலர்

செலவைத் தொற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு தொற்றைத் தவிர்க்க ஏறத்தாழ 600 டொலர் போதும். தொற்றுக்குள்ளானவருக்கோ வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். மேலும், கணவனுக்குத் தொற்றாவிடின் அவனிடமிருந்து மனைவிக்கும் தொற்றாது. இது புற நன்மையாகும்.

ஏன் பலர் வரவில்லை?

2015 இற்குள் 20 மில்லியன் பேர் என்பது இலக்கு. செய்துகொண்டவர்களோ ஏறத்தாழ 11.7 மில்லியன் பேரே. சேவை இலவசம், ஆனால் நாட்கூலி பெறுபவர் காயம் ஆறும்வரை சில நாட்கள் உழைப்பை இழக்கிறார். இதுவே அமையச் செலவு.

கென்யாவில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு உணவுப் பொருட்களுக்கான பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. பற்றுச்சீட்டு இல்லாத குழுவில் இரண்டு மாதங்களுள் 1.6% ஆனோரே சத்திரசிகிச்சை செய்துகொண்டனர். 1200 கென்ய சிலிங் பெறுமதியான பற்றுச்சீட்டு வழங்கப்பட்ட குழுவில் அது 9% ஆகியது. எஞ்சிய 91% ஆனோர் அப்போதும் வரவில்லை என்பதையும் கவனிக்க. வலி பற்றிய அச்சம், வழக்காறு என்பவற்றைப் பணத்தால் மட்டும் ஈடுசெய்ய முடியாது.

நினைவில் கொள்க

1. இது முழுமையான பாதுகாப்பு அன்று. ஆணுறை தொடர்ந்தும் அவசியம்.
2. எச்.ஐ.வி. தொற்று வீதம் மிகக் குறைந்த இலங்கை போன்ற நாடுகளில், ஒரு தொற்றைத் தவிர்க்கப் பன்மடங்கு சத்திரசிகிச்சைகள் தேவைப்படும். எனவே மேற்கூறிய கணக்கை இங்கு அப்படியே பிரயோகிக்க முடியாது.

பயிற்சி: அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறும் ஒருவரின் அமையச் செலவுகள் இரண்டினைக் குறிப்பிடுக.