உணரிகளும் வண்டியின் பிணியும்

இலக்கணம் கற்பிப்போர் எஞ்சினைப் பற்றி எழுதுவதேன் என வியப்போர் உளராகலாம். காரணம் அறியாது காரியத்தைத் திருத்த முனைதல் வகுப்பறைக்கும் பட்டறைக்கும் பொதுவான பிழையாதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

இக்கால மோட்டார் வண்டியின் எஞ்சின் ஒரு சிறு கணினியின் ஆணைவழி இயங்குகின்றது. அக்கணினிக்குக் கண்ணும் செவியுமாய் அமைந்தவை உணரிகள். இவற்றைச் சென்சர் என வழங்குவர். உட்புகும் காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பம், காற்றுவழி மூடியின் நிலை, வண்டியின் வேகம் ஆகியவற்றை இவை மின்குறிகளாக்கி அனுப்புகின்றன. ஓருணரி பொய்யுரைப்பின் கணினியின் ஆணையும் பிழைபடும்.

வண்டி நிற்கையில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 சுற்றுகள் வரை சீராகச் சுழல வேண்டும். இது ஐடில் ஓட்டம். நெடுவழியில் மிதி மிதியாமலே வேகத்தை ஒரே நிலையில் வைத்திருப்பது குறூஸ் கொன்றோல். கட்புலனற்ற அமெரிக்கப் பொறியியலறிஞர் றால்ப் ரீற்றர் 1950இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் வண்டிகளில் இது இடம்பெற்றது. இவ்விரண்டும் வேறு வேறு வேலைகளாகத் தோன்றினும் ஒரே உணரியின் பழுது இரண்டையும் கெடுத்தல் கூடும்.

நமது பழைய யப்பானிய வண்டிக்கு நேர்ந்ததும் அதுவே. வவுனியா கழிந்த நேர்வீதியில் குறூஸ் தானே விடுபடும். சந்தியை அணுகி வேகம் தணிகையில் எஞ்சின் அணைந்துவிடும். ஒருநாள் பின்னே வந்த லொறி ஒரு முழ இடைவெளியில் நின்றது. ஒருவர் சொற்கேட்டுக் காற்றளவு உணரியைப் புதிதாக வாங்கிப் பூட்டினோம். பணம் போயிற்று, பிணி போகவில்லை.

பின்னர் இக்கல்லூரியின் பழைய மாணவரொருவரின் பட்டறைக்குச் சென்றோம். அவர் கருவியைத் தொடுமுன், “வேகமானி முள் எப்பவாவது விழுந்ததா, சேர்?” என வினவினார். விழுந்ததுண்டு.

அவர் கையாண்ட முறை வருமாறு. முதலில் பிறேக் விளக்கைப் பார்த்தார். பிறேக் மிதியின் சுவிச்சுப் பழுதாயினும் குறூஸ் இயங்காது. அடுத்து றப்பர்க் குழாய்களில் வெடிப்புண்டோ என நோக்கினார்; அளக்கப்படாத காற்றுப் புகின் ஐடில் தடுமாறும். மூன்றாவதாகக் கணினியிற் பதிந்த குறியீட்டை வாசித்தார். பீ 0500 என வந்தது. அது வேகவுணரியின் மின்சுற்றைக் குறிப்பது. சுற்றைக் குறிக்குமேயன்றி உணரியே குற்றவாளி எனத் தீர்ப்பளியாது. ஆதலின் கம்பியை ஆராய்ந்தார். கியர்ப்பெட்டியருகே இணைப்பி பச்சை பூத்திருந்தது. துடைத்து இறுக்கியதும் இரு பிணிகளும் நீங்கின.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறையும் இதுவன்றோ?

அம்மாணவரை ஒருகால் மந்தர் எனக் கடிந்துள்ளோம். கரும்பலகை எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை ஆண்டிறுதியிலேதான் அறிந்தோம். அன்று நாம் கேளாத வினாவை இன்று அவர் நம் வண்டியிடம் கேட்டார். கற்பிக்கும் தொழிலில் எஞ்சியுள்ள ஆண்டுகளில் அவ்வினாவை முதலிற் கேட்க உறுதிகொண்டோம்.