நின்றுபோன இதயமும் இன்னொருவருக்குள் துடிக்கும், தெரியுமா?

மூளைச்சாவு அடைந்தவரின் துடிக்கும் இதயத்தைத்தான் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? ஆனால் 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் குரூட் ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையில், கொடையாளரின் இதயம் நின்ற பிறகே வெளியே எடுக்கப்பட்டது, தெரியுமா? அதைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். அவர் உயிரைக் குடித்தது நிமோனியா!

பிறகு மூளைச்சாவு சட்டங்கள் வந்தன. நின்ற இதயங்களை மருத்துவர்கள் அநேகமாக மறந்தே போனார்கள். 2014இல் சிட்னியின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. எப்படி? ஒரு பெட்டி! நின்ற இதயத்தை அதில் வைத்து வெதுவெதுப்பான ரத்தத்தை ஓடவிட்டால், உடம்பே இல்லாமல் அந்த இதயம் துடிக்கிறது! ஆனால் துடிப்பை மட்டும் பார்த்து யாரும் நம்பிவிடுவதில்லை. உள்ளே போகிற ரத்தத்திலும் வெளியே வருகிற ரத்தத்திலும் லாக்டேட் அளவைச் சோதிக்கிறார்கள். நல்ல இதயம் லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். வெளியே வருகிற ரத்தத்தில் அது குறைந்திருந்தால் நம்பிக்கை பிறக்கிறது. பலன்? நோயின் தீவிரத்தையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்ட, 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நின்ற இதயம் பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் 6 மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான முறையில் பெற்றவர்களில் 90 சதவீதம்!

இன்னொன்று தெரியுமா? மூளை சாகும் நேரத்தில் உடம்பில் அட்ரினலின் வெள்ளமாய்ப் பாயும். அந்த அதிர்ச்சியில் நல்ல இதயமே துவண்டுவிடும். அந்த நேரத்து எக்கோவைப் பார்த்தால் எவருக்கும் 'வேண்டாம்' என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் ரத்த அழுத்தத்தைச் சீராக்கி, சில மணி நேரம் பொறுத்து மறுபடி எக்கோ எடுத்தால், இளம் கொடையாளர்கள் பலரின் இதயம் தேறியிருக்கும்! இத்துறையில் எனக்கு மிகப் பெரிய வியப்பு, பெட்டியைவிட, இரண்டாவது எக்கோவுக்குக் காத்திருக்கும் அந்தப் பொறுமைதான்.

ஹெபடைடிஸ் சி தொற்றுள்ளவரின் இதயம்கூட இன்று பயன்படுகிறது. பெறுபவருக்குத் தொற்று வந்தாலும் மாத்திரைகளால் குணமாக்கிவிடலாம். பச்சிளம் குழந்தைகளுக்கோ ரத்த வகை பொருந்தாத இதயத்தைக்கூடப் பொருத்தலாம். எதிர்ப்பொருள்கள் உருவாகும் முன்பே செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்!

புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு இருக்காது, தெரியுமா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கும். ஓடத் தொடங்கினால், ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே வேகம் பிடிக்கும். நின்ற பிறகும் சட்டென்று அடங்காது. அதன் ரத்தக்குழாய் அடைபட்டாலும் பலருக்கு நெஞ்சுவலியே தெரியாது! அதனால்தான், நன்றாகவே இருக்கிறேன் என்று சொல்பவருக்கும் ஆண்டுதோறும் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கும் மையங்கள் பல.