கடைக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? பதற வேண்டாம்!

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, கல்லாவில் அமர்ந்து கம்ப்யூட்டரைப் போடுகிறோம். வழக்கமாக வரும் பில் போடும் பக்கம் வரவில்லை. கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரே ஒரு வரி நிற்கிறது. பேரேடு, பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. வாடிக்கையாளரோ எதிரே நிற்கிறார்.

எங்கள் கடையிலேயே இது நடந்தது. மாதம் பிறந்து 19ஆம் தேதி. மறுநாள் ஜி.எஸ்.டி. மாதாந்திரப் படிவத்துக்குக் கடைசி நாள். கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வைத்திருந்தோம். ஒன்றில் கணக்கு, மற்றதில் அதன் நகல். இரண்டுமே தெரியவில்லை. வந்து பார்த்த சர்வீஸ் தம்பி, "ரெண்டும் போயிடுச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிடலாம்" என்றார். ஒரே இரவில் இரண்டு டிஸ்க்கும் எப்படிப் போகும் என்ற சந்தேகத்தில் வேறொருவரை அழைத்தோம். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே வயரிலிருந்து மின்சாரம் போவதை அவர் கவனித்தார். அந்த வயரின் முனை கருகியிருந்தது. வேறு வயரில் மாட்டியதும் இரண்டும் உயிர் பெற்றன. பத்து நிமிட வேலை! முதலில் வந்தவர் பேச்சைக் கேட்டிருந்தால் பல வருடப் பாக்கிக் கணக்கு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆகவே, இந்தக் கோளாறை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. பென் டிரைவை எடுங்கள்

பின்பக்கமோ முன்பக்கமோ பென் டிரைவ் செருகியிருந்தால் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதிலிருந்து துவங்க முயன்று கம்ப்யூட்டர் நின்றுபோவது உண்டு. செலவில்லாத வைத்தியம் இது.

2. பயாஸ் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் 'டெலிட்' அல்லது 'எஃப்2' விசையை விட்டுவிட்டு அழுத்தினால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் பக்கம் வரும். அதில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் நாம் கடக்க வேண்டிய நாற்சந்தி.

பெயர் இருந்தால் வயரும் மின்சாரமும் பெரும்பாலும் சரி. குறை அமைப்பிலோ விண்டோஸிலோ இருக்கலாம். பெயரே இல்லையென்றால் வயர், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, டிஸ்க் ஆகிய நான்கில் ஒன்றில் குறை.

அதே பக்கத்தில் தேதியையும் பாருங்கள். பல வருடம் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது 3 வோல்ட் சி.ஆர்.2032 ரகம்; கைக்கடிகாரக் கடைகளில்கூடக் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் பயாஸில் நாம் வைத்த அமைப்புகள் அழிந்து, எந்த டிஸ்க்கிலிருந்து துவங்குவது என்ற வரிசையும் 'சாட்டா மோட்' என்ற அமைப்பும் மாறிவிடக் கூடும். புது பேட்டரி போட்டபின் அவற்றைப் பழையபடி வைக்க வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறோம்: கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்து வையுங்கள்.

3. பெட்டியைத் திறக்கும் முன்

சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் வெற்று இரும்பைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

இப்போதைய டிஸ்க்குகளுக்கு இரண்டு இணைப்புகள். குறுகலானது தகவலுக்கு, அகலமானது மின்சாரத்துக்கு. இரண்டையும் இரு முனைகளிலும் கழற்றி மறுபடி இறுக்கமாக மாட்டுங்கள். மாவு, மிளகாய்த்தூள் பறக்கும் நம் கடைகளில் முனைகளில் தூசு அடைவதும், கிடங்கில் எலி வயரைக் கடிப்பதும் சகஜம். மாட்டியும் பலனில்லையென்றால் தகவல் கேபிளை மாற்றுங்கள். விலை குறைவான பொருள்தான். மதர்போர்டில் வேறு இணைப்புத் துளையிலும், மின்சாரத்துக்கு வேறு வயரிலும் மாட்டிப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குறை எங்கே என்று தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில எஸ்.எம்.பி.எஸ்.களில் வயர்களைத் தனியாகக் கழற்றலாம். ஒரு கம்பெனியின் வயரை வேறு கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே இணைப்பு மாறியிருந்தால் டிஸ்க் எரிந்துவிடும்.

புதிதாகச் சிறு பட்டை போன்ற 'எம்.2' டிஸ்க் பொருத்திய பிறகு பழைய டிஸ்க் மறைந்ததா? பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. பழைய டிஸ்க்கை வேறு துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும். எது வேலை செய்யும் என்பது மதர்போர்டுடன் வந்த கையேட்டில் இருக்கும்.

4. காதைக் கொடுத்துக் கேளுங்கள்

தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கானால், மெல்லிய சுழலும் ஓசை வர வேண்டும். ஓசையே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. 'டிக், டிக்' என்று விட்டு விட்டுத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, உள்ளே இருக்கும் கணக்கை நாமே சுரண்டி எடுப்பது போன்றது. டிஸ்க்கைத் திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே விழும் ஒரு தூசு போதும், தட்டைக் கெடுக்க. எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் இல்லாததால் சத்தம் வராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சத்தம் சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் டிஸ்க் நல்லது. குறை நம் மதர்போர்டிலோ எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ இருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே சமயத்தில் மறைந்தால், இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. விண்டோஸ் கேட்கும் கேள்வி

பயாஸில் தெரிந்த இரண்டாவது டிஸ்க் விண்டோஸில் வரவில்லையென்றால், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தைத் திறக்க வேண்டும். எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால், வலது சொடுக்கில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். ஆனால் 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மட்' செய்யவா என்று கேட்டால், கணக்கு உள்ள டிஸ்க்குக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். புது டிஸ்க்குக்கு மட்டுமே அந்தப் பதில். அவசரத்தில் அழுத்திய ஒரு 'ஓகே'யால் நட்டப்பட்டவர்கள் உண்டு.

நகல் எங்கே இருக்கிறது?

எங்கள் கடைச் சம்பவத்தில் நாங்கள் கற்ற பெரிய பாடம் இதுதான்: ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைப்பது நகல் ஆகாது. மின்னலோ, தீயோ, திருடனோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். தினமும் கடை மூடும்போது வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, கணக்கு சரியாக வருகிறதா என்றும் பாருங்கள்.

இது நம் வசதிக்காக மட்டுமல்ல. ஆண்டுப் படிவத்துக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு விதிகளில் 57ஆவது விதி. "டிஸ்க் போய்விட்டது" என்பது அதிகாரியிடம் சொல்லத்தக்க பதில் அல்ல.

டிஸ்க்கைக் கடையில் விலைக்கு வாங்கலாம். அதில் இருக்கும் பாக்கிக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, யார் வந்து "போய்விட்டது" என்றாலும், இந்த ஐந்து சோதனைகளையும் முடிக்காமல் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்.