களிமண் மேல் ஒரு டர்ஃப்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நடவுக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி, தொளி கலக்கி, மண்ணை மசித்துவிடுவார்கள். மசிந்த களி அடியில் படிந்து இறுகும். பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்காமல் பயிருக்கு நிற்கும். இப்படித் தலைமுறைகளாக உழுது இறுகிய நஞ்சையில், இன்று ஊருக்கு ஊர் வரும், செயற்கைப் புல் விரித்த வாடகை டர்ஃப் மைதானம் ஒன்றைப் போட்டால், தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் அந்த அடிமண்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

சண்முகாநதி அணை இருக்கும் ராயப்பன்பட்டியையே எடுத்துக்கொள்வோம். திராட்சைப் பந்தல் நிற்கும், நீர் எளிதில் வடியும் செம்மண் என்றால் தொல்லை குறைவு. களி மிகுந்த வயல் என்றால் செலவின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குப் போக வேண்டும். பச்சைக் கம்பளத்தின் தரத்தைத் துருவித் துருவி விசாரிப்பவர்கள் அதன் அடியில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பதில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் தரை அலை அலையாக எழும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. எல்லாக் களியும் ஒன்றல்ல. கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் ஓலைச்சுவடி போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளின் இடையே தண்ணீர் புகுந்தால் அடுக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம் ஐப்பசி மழையில் வெடிப்பெல்லாம் மூடி மேலெழுவது இதனால்தான். தரை எழுந்தால் அதன் மேல் பரப்பிய ஜல்லியும் எழும், கம்பளமும் எழும்.

உங்கள் மண் எந்த வகை என்று அறிய ஓர் அருமையான சோதனை இருக்கிறது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, இரண்டு அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி வீங்காது. ஒரு நாள் கழித்து இரண்டிலும் படிந்த மண்ணின் அளவை ஒப்பிட்டால் வீக்கம் தெரிந்துவிடும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 15 மில்லி என்றால் வீக்கம் 50 சதவீதம். அந்த அளவைத் தாண்டிய மண்ணைச் சும்மா விடக்கூடாது. மண் பரிசோதனைக் கூடங்களில் இந்திய தர நிர்ணயப்படியே செய்யும் எளிய சோதனை இது. பல லட்சம் செலவழிக்கும் முன் இதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலைக்கு ஏற்ற காலம் கோடை. ஈரக்களியில் ஜேசிபியும் டிப்பரும் ஏறினால் மண் பிசைபட்டு, வயலின் தொளியாகவே திரும்பிவிடும். அதற்காக வெடிப்போடு காய்ந்து கிடக்கும் மண்ணை அப்படியே மூடுவதும் ஆபத்துதான். பின்னால் ஈரம் ஏறும்போது அது வீங்கியே தீரும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பக்குவத்தில் ரோலர் ஓட்டினால் மண் நன்றாக இறுகும்.

மேல்மண்ணை வேரோடு வழித்தெடுத்த பிறகு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, களியை ஆழமாக வெட்டி அகற்றி, வீங்காத கிராவலை அடுக்கடுக்காக இட்டு இறுக்குவது. மும்பை ஐஐடியின் பேராசிரியர் ஆர்.கே.கட்டி 1970களில், வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இட்டால் அடியிலுள்ள கரிசலின் வீக்கத்தை அடக்கலாம் என்று காட்டினார். கால்வாய் வேலைகளுக்கு அது பயன்பட்டது. சிறு மைதானத்துக்கு அத்தனை ஆழம் கட்டுப்படியாகாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழியான சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை மண்ணின் எடையில் 3 முதல் 6 சதவீதம் கலந்தால், கால்சியம் களியின் ஏடுகளைப் பற்றிக்கொள்கிறது. பிசுபிசுத்த மண் சில மணி நேரத்திலேயே பொலபொலப்பாகும். பிறகு வாரக்கணக்கில் சிமெண்ட் போல மெல்லக் கெட்டிப்படும். 100 அடிக்கு 60 அடி மைதானத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 4 சதவீதம் என்று கணக்கிட்டால் 5 டன்னுக்கு மேல் சுண்ணாம்பு வேண்டும். கலக்குவதற்கு வயலில் ஓட்டும் ரோட்டவேட்டரே போதும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆட்களை இறக்கக்கூடாது. சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும்.

அடுத்தது தண்ணீர். இதே மைதானத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 28,000 லிட்டர், இரண்டு தண்ணீர் லாரிக்கும் மேல். செயற்கைப் புல்லின் முதுகில் ஓட்டைகள் உண்டு, தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். இறங்கிய பின் களி அதை விரைவில் உறிஞ்சாது. அதனால் தரையை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் அமைத்து, வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாய்களைப் பதிக்க வேண்டும். குழாய் முடியும் இடம் மைதானத்தை விடத் தாழ்வாக இருக்கிறதா என்பதை முதலிலேயே மட்டம் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் கட்டிய வயல் என்றால் தொட்டி கட்டி, மோட்டார் வைத்து இறைக்க நேரும்.

களிக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பதைத் தவிர்க்கவே கூடாது. அது இல்லாவிட்டால் ஜல்லி களிக்குள் புதையும், களி ஜல்லியின் இடுக்குகளில் ஏறி வடிகாலை அடைக்கும். துணியின் மேல் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சிறிய ஜல்லி, ஒவ்வொன்றையும் ரோலர் போட்டு இறுக்குவார்கள். 3 மீட்டர் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அடியில் 1 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

கரிசலுக்குப் பேர்போன கோவில்பட்டியிலேயே செயற்கைப் புல் ஹாக்கி மைதானம் இருக்கிறது. 2022இல் தேசிய ஜூனியர் ஆடவர் ஹாக்கிப் போட்டி அங்கேதான் நடந்தது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியபோது பதக்கமின்றித் திரும்பிய நாடு நம்முடையது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் நல்ல தரை கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஓரங்கள். மூடிய நடுப்பகுதியில் ஈரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஓரமோ கோடையில் காய்ந்து தாழும், மழையில் நனைந்து எழும். பக்கத்தில் பெரிய வேம்பு நின்றால் அதன் வேரும் ஈரத்தை இழுக்கும். மைதானத்தைச் சுற்றி ஓரிரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் நடைபாதை போட்டால், இந்த ஏற்ற இறக்கம் புல்லுக்கு வெளியே தள்ளிப்போகும்.

ஜல்லித் தளம் முடிந்ததும் கம்பளத்தை அவசரமாக விரிக்காதீர்கள். ஒரு நல்ல மழை வரட்டும், இல்லையென்றால் லாரித் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். எங்கே தேங்குகிறது, வெளிக்குழாயில் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வருகிறது என்று பார்த்து, பள்ளங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சரிசெய்த பிறகு விரிக்கலாம்.