ரயிலேறிக் கோட்டைக்கு

கோட்டைகளைப் படமெடுக்கக் கார் வேண்டும், நீண்ட விடுப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். மும்பைவாசிகளான நமக்கு இரண்டும் தேவையில்லை. ரயில் டிக்கெட் போதும். ரயிலில் போய், அன்றே வீடு திரும்பக்கூடிய கோட்டைகளை மட்டும் படமெடுத்துத் தொகுப்பதை ஒரு பணியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் கண்ட சில செய்திகளை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தனை கோட்டைகள் ரயில் பாதையை ஒட்டியே இருப்பானேன்? எதிரி வரும் வழியைக் காக்கக் கட்டப்பட்டவை கோட்டைகள். கணவாய், கழிமுகம், தீவின் விளிம்பு ஆகியவையே அந்த வழிகள். பின்னாளில் தண்டவாளம் போட வந்த பொறியாளர்களுக்கும் அவற்றை விட்டால் வேறு போக்கில்லை.

சயான் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1669 முதல் 1677 வரை பம்பாய் கவர்னராக இருந்த ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில் எழுந்தது. ஆங்கிலேயரின் பரேல் தீவுக்கும் போர்த்துகீசியரின் சால்செட்டுக்கும் இடையே அதுதான் எல்லைக் காவல். 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலும் சயானைக் கடந்துதான் போனது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். சிறு குன்றுதான்; காலை இளவெயிலில் கருங்கல் சுவர் நன்றாகப் படியும்.

அடுத்தது வசாய். பயந்தரைத் தாண்டியதும் ரயில் பாலத்தில் கடக்கிறோமே, அந்தக் கழிமுகத்தின் வாயில் இருக்கிறது கோட்டை. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்த இடம். 1739-இல் சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் கைப்பற்றினர். இங்கிருந்த மாதாகோயில் மணிகள் சில இன்று மகாராஷ்டிரக் கோயில்களில் தொங்குகின்றன. வசாய் ரோடில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். கூரையில்லாத மாதாகோயில்களின் வளைவுகளில் மாலை வெயில் சாயும் நேரமே படத்துக்கு ஏற்றது.

மூன்றாவது லோஹகட். லோனாவலாவில் பூனா லோக்கலுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் மலவ்லி. பாஜா குகைகளையும் பார்த்துக்கொண்டு மேலே ஏறலாம். போர்காட் கணவாய் வழியாகச் சென்ற வணிகப் பாதையைக் காத்த கோட்டை இது. சிவாஜி 1648-இல் பிடித்து, 1665-இல் மொகலாயரிடம் விட்டு, 1670-இல் மீட்டார். தேள்கொடுக்குப் போல நீண்டு கிடக்கும் இதன் பாறை முனையை மேலிருந்து பார்த்தால்தான் பெயர்ப் பொருத்தம் புரியும்.

சில குறிப்புகள்: ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா பிளாக் இருக்கும், சனிக்கிழமை உத்தமம். தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி தேவை. மழைக்காலத்தில் பாசிப் படிகளில் கவனம் வேண்டும்.

படம் அழகாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நோக்கமல்ல. ஒரே சுவரை ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுத்து வருகிறேன். அப்படங்களை வரிசையாக வைத்தால், கல்லிடுக்கில் முளைத்த அரசங்கன்று எவ்வளவு வேர்விட்டிருக்கிறது, எந்தக் கல் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. சரிந்த சுவரை மறுபடி எடுத்துக்கட்டுபவருக்கு எந்தக் கல் எங்கிருந்தது என்று காட்ட, பழைய படத்தைப் போலச் சாட்சி கிடையாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், லோஹகட் அதில் ஒன்று. பன்னிரண்டாவது நம் செஞ்சி! அங்கே ரயில் போகாது. திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும் அன்பர்கள் காமிராவோடு ஒருநாள் அங்கே போய் வாருங்கள். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் தேதியையும் நின்ற இடத்தையும் மறவாமல் குறித்து வையுங்கள்.