உறங்குவோர் அருகே ஹார்ன் எதற்கு?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் திண்டுக்கல்–தேனி சாலையில் சபரிமலை செல்லும் வேன்களும் பேருந்துகளும் இரவு பகலாக ஓடுகின்றன. தேவதானப்பட்டி போன்ற வழியூர்களில் வண்டியை ஓரங்கட்டி, பாய் விரித்து உறங்குவோர் உண்டு. அவ்விடத்தில் புறப்படும் வேன் ஒன்று, தன் ஆட்களைக் கூப்பிட ஹார்னை நீள அழுத்தினால் என்ன ஆகும்?

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. 7 மீட்டரில் 100 டெசிபல் உள்ள ஹார்ன், 112 மீட்டரிலும் 76 டெசிபலாக இருக்கும். குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த இரவு நேரச் சராசரி வரம்போ 45 டெசிபல்தான்!

இரவுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. தெளிந்த, காற்றசையாத இரவில் தரை விரைவில் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றைவிட மேலேயுள்ள காற்று வெப்பமாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்வதால், ஒலியலை கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு எட்டுகிறது. மலை சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் இந்நிலை எளிதில் உண்டாகும்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறங்குபவர் விழிக்காவிட்டாலும் அவரது இதயத் துடிப்பு கூடலாம். அவர்களுள் ஒருவர், விடிந்ததும் குமுளி மலைப்பாதையில் வண்டி ஏற்ற வேண்டிய ஓட்டுநராகவும் இருக்கக்கூடும். அவரது உறக்கம் கெட்டால் அத்தனை பயணிகளுக்கும் ஆபத்து.

இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில், அவசர நிலை தவிர, ஹார்ன் ஒலிக்கக் கூடாது என்பது 2010-இல் சேர்க்கப்பட்ட விதி. தேவையின்றி ஒலித்தால் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்.

ஹார்ன் ஆபத்தை எச்சரிக்கும் கருவி. ஆட்களை அழைக்க ஒருவர் இறங்கி நாலடி நடந்தாலே போதும்.